ஸ்வீடனின் சின்ன எலக்ட்ரானிக் பாப் குழுக்கள் பெரிய ஸ்டுடியோ இல்லாமல் முதல் ஆல்பத்தை எப்படி முடிக்கின்றன?

பூட்டிவிட்டுப் போக ஓர் அறை, ஒன்றிரண்டு வருட அவகாசம். இந்த இரண்டும் இருந்தால் பெரிய ஸ்டுடியோ வேண்டியதில்லை. கரின், ஓலோஃப் ட்ரையர் என்ற உடன்பிறப்புகள் 1999-ல் தொடங்கிய 'தி நைஃப்', 2001-ல் ரேபிட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கோத்தன்பர்க்கின் 'லிட்டில் டிராகன்' பள்ளி நாட்களிலேயே ஒன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் ஆல்பம் வந்ததோ 2007-ல். இடைப்பட்ட காலமெல்லாம் ஒத்திகை அறையில்தான் கழிந்திருக்கும்.

அந்த அறை எப்படிக் கிடைக்கிறது? ஏபிஎஃப், ஸ்டூடியேஃப்ரெம்யாண்டெட் போன்ற மக்கள் கல்வி அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் தருகின்றன. மூன்று பேராவது சேர்ந்து ஒரு படிப்பு வட்டமாக (சேர்ந்து கற்கும் சிறு குழுவாக) பதிவு செய்துகொண்டு, ஒத்திகை நேரத்தைக் கணக்குக் காட்டினால் போதும். இருவர் மட்டும் உள்ள குழு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டிவரும். 2024 முதல் இவற்றுக்கான அரசு மானியம் குறைந்து வருவதால் பழைய சலுகையை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

கருவிகள் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிந்தசைசர், ஒரு டிரம் மெஷின், ஒரு மைக், மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப். ஸ்டாக்ஹோமின் கிளாவியா 1995-ல் கொண்டுவந்த சிவப்பு நிற நார்ட் லீட் சிந்தசைசர், கோத்தன்பர்க்கின் எலெக்ட்ரான் டிரம் மெஷின்கள், 2000-ல் வந்த ரீசன் இசை மென்பொருள் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பத்துப் பாட்டுக்கும் அதே நான்கைந்து ஒலிகள் திரும்பத் திரும்ப வரும்போதுதான் ஆல்பத்துக்கு என்று ஒரு முகம் கிடைக்கும். நூறு பிளக்-இன் (இசை மென்பொருளில் கூடுதலாகச் சேர்க்கும் ஒலிக் கருவி) வைத்திருப்பவரின் ஆல்பம் பத்துப் பேர் செய்த தொகுப்பு மாதிரி ஒலிக்கும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாடும்போது பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்கு மேல் போகாமல் வையுங்கள்; 128 என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம். இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேர்ந்தாலும் தாங்கும். 1024-ல் விட்டுவிட்டுப் பாடினால் ஹெட்ஃபோனில் தன் குரலே பின்தங்கிக் கேட்கும், பாடகர் தாளம் தவறுவார். பதிந்ததையெல்லாம் கலக்கும் மிக்ஸிங்குக்கு வந்த பிறகு 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். நிலவறை ஒத்திகை அறையில் ஹீட்டரைப் போட்டதும் அனலாக் சிந்தசைசரின் சுருதி மெல்ல நகரும். அரை மணி நேரம் சூடாக விட்டு, டியூன் செய்து, அப்புறம் பதியுங்கள். நார்ட் லீட் போன்ற டிஜிட்டல் கருவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வாசித்ததை மிடியாக (ஒலி இல்லாமல் எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பாக) மட்டும் விட்டுவைக்காமல் அன்றைக்கே ஆடியோவாகவும் பதிந்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்துப் பிளக்-இன் பதிப்பு மாறிவிட்டால் அந்த ஒலி திரும்பக் கிடைக்காது.

முதல் ஆல்பங்கள் அதிகம் சறுக்குவது கீழ் ஸ்தாயியில். பாட்டின் ஆதார ஸ்வரம் ஏ என்று வையுங்கள். பேஸின் கீழ் ஏ 55 ஹெர்ட்ஸ். பெரும்பாலான எலக்ட்ரானிக் கிக் டிரம்மின் பலமும் 50–60 ஹெர்ட்ஸில்தான். இரண்டும் ஒரே இடத்தில் மோதி, சத்தம் கூடுமே தவிர அடி தெளியாது. பலரும் உடனே ஈக்வலைசரைத் திருகுவார்கள். அதற்கு முன் பேஸை ஒரு ஆக்டேவ் ஏற்றிப் பாருங்கள், பாதிக் கேஸ் அங்கேயே தீரும். தீராவிட்டால் கிக் விழும்போதெல்லாம் பேஸ் 4 முதல் 6 டெசிபெல் தணியும்படி சைட்செயின் கம்ப்ரஸர் போடுங்கள். 120 பிபிஎம் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிசெகண்ட். ரிலீஸை, அதாவது தணிந்த பேஸ் பழைய அளவுக்குத் திரும்பும் நேரத்தை, 150 மில்லிசெகண்டில் தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள். 300-ஐத் தாண்டினால் சத்தம் ஏறி இறங்கி, பாட்டு மூச்சு வாங்குவது வெளியே தெரியும். நடனப் பாட்டுக்கு அது வேண்டும் என்று வைப்பவர்களும் உண்டு.

150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி. கோரஸ் எஃபெக்ட் போட்டு அகலமாக்கிய பேஸ் ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். மோனோ ஸ்பீக்கரில் பாதி காணாமல் போகும், வினைல் இசைத்தட்டில் ஊசி துள்ளும்.

குரலை இரட்டிப்பாகப் பதியும்போது இரண்டாவது டிராக்கில் 'ஸ்', 'ட்' ஒலிகளை வெட்டிவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு வரி முடிவிலும் சரசரப்புக் கேட்கும். தி நைஃப் பிற்பாடு செய்ததுபோல் குரலின் சுருதியை இறக்கி விளையாடுவது தாராளமாகச் செய்யலாம், ஆனால் மாற்றாத மூலப் பதிவு தனியாக இருக்கட்டும்.

மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்புக்கு அனுப்பும் மிக்ஸில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில் இருந்தால் நல்லது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கவிடும். மைனஸ் 8-க்கு நசுக்கிய பாட்டை 6 டெசிபெல் இறக்கிவிடும்; சத்தத்தின் லாபம் போய், நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். வினைலுக்குத் தனி மாஸ்டர் தேவை. 33 சுழற்சி வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வசதியானது. தட்டின் உள்வட்டத்தில் மேல் அதிர்வெண்கள் சிதையும் என்பதால் அதிரடிப் பாட்டை முதலிலும் மெதுவானதைக் கடைசியிலும் வையுங்கள்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, ஸ்டிம் அமைப்பில் பதியுங்கள். எழுதியவர்களுக்கான பணம் ஸ்டிம் வழியாக வரும். வாசித்தவர், பாடியவருக்கான வானொலிப் பணம் சாமி (SAMI) என்ற அமைப்பு வழியாக. இரண்டிலும் தனித்தனியே சேர வேண்டும். ஒவ்வொரு டிராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (அந்தப் பதிவை அடையாளம் காட்டும் எண்) வேண்டும். ஸ்டிம் உறுப்பினர் என்றால், தட்டு அச்சிட, பிரதி எடுக்கும் உரிமையைக் கவனிக்கும் என்சிபி அமைப்பின் உரிமமும் வேண்டும், சொந்தப் பாட்டாக இருந்தாலும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு 7 நாள் முன்பாவது அனுப்பச் சொல்கிறார்கள். நான்கு வாரம் முன்பே அனுப்புவது நல்லது.