பதில்: கடற்கரைப் படத்தில் ஒட்டிய மணல் உதிர்கிறது

கோடை விடுமுறையில் பிள்ளைகள் செய்த கடற்கரைப் படத்திலிருந்து மணலும் சிப்பியும் உதிர்கின்றன, க்ரேயான் தீட்டிய சார்ட் பேப்பரும் சுருண்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பசையை மாற்ற வேண்டாம், பெவிகாலே போதும்.

முதலில் மணலைப் பாருங்கள். கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பிடிப்பு தளரும். வாளியில் போட்டு நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, மொட்டை மாடியில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துவிடுங்கள். சிப்பிகளையும் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள்.

அப்புறம், க்ரேயான் மெழுகின் மேல் பசை நிற்காது. மணல் வரும் இடத்தை வெறும் தாளாகவே விடுங்கள். மெழுகைக் கடலுக்கு வைத்துக்கொள்ளலாம்: வெள்ளை க்ரேயானால் அழுத்தி அலை வரையச் சொல்லி, மேலே நீல வாட்டர் கலரை ஓடவிட்டால், மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாமல் விலகி நுரை தானாகத் தெரியும். பிள்ளைகள் கத்தியே விடுவார்கள்! நிறம் ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் கல் உப்பு தூவுங்கள். காய்ந்ததும் தட்டிவிட்டால் அங்கங்கே பூப்பூவாக வெளுத்திருக்கும்.

சார்ட் வேண்டாம். கெட்டியான டிராயிங் தாளில் வரைந்து, காய்ந்ததும் அட்டைப்பெட்டியின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மணல். பசையில் தண்ணீர் கலக்காதீர்கள், தாள் சுருள்வதே அதனால்தான். சிப்பியின் விளிம்பு முழுக்கப் பசையைத் தாராளமாக வைத்து, ஓர் இரவு படத்தைத் தரையில் படுக்கவைத்தே காயவிடுங்கள்.