தேத்தண்ணியும் குற்றமான நகரம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 'டெமோலிஷன் மேன்' (1993) படத்தில் வரும் 2032ஆம் ஆண்டு நகரத்தில் கொலை இல்லை, ஏச்சுப்பேச்சுகூட இல்லை. அதைப் போய் ஏன் போலிச் சொர்க்கம் என்கிறார்கள்?
– வாசகர், ஹட்டன்

பதில்: அங்கே எதையெல்லாம் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உப்பு, இறைச்சி, காரம், கஃபீன். தேயிலையில் கஃபீன் உண்டு. அப்படியென்றால் விடியக்காலைத் தேத்தண்ணியும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கட்டச்சம்பலும் சான் ஏஞ்சல்ஸ் என்ற அந்த நகரத்தில் குற்றம். நகரத்தை ஆளும் டொக்டர் கொக்டோவின் கணக்கு இதுதான்: உடம்புக்கு ஆகாதது கெட்டது, கெட்டதெல்லாம் சட்டவிரோதம். 'இதனால் யாருக்குக் கெடுதல்?' என்று நடுவில் யாரும் கேட்பதில்லை.

சுவரில் இருக்கும் அபராதப் பெட்டியைக் கவனியுங்கள். யாராவது ஏசினால் உறுமும், ஒரு கிரெடிட் அபராதம் என்று அறிவிக்கும், துண்டை அச்சடித்துத் தள்ளும். விசாரணையும் இல்லை, மறுமொழி சொல்ல இடமும் இல்லை. சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்த, பழைய காலத்திலிருந்து உறைநிலை நீக்கி எழுப்பப்பட்ட பொலிஸ்காரர் ஜோன் ஸ்பார்டனோ கழிவறையில் கடதாசி இல்லாததால், வேண்டுமென்றே ஏசி ஏசி அந்தத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு போகிறார். (துண்டு என்றதும் 1921இல் ஒழிக்கப்பட்ட, நம் தேயிலைத் தோட்டங்களின் துண்டு முறை ஞாபகம் வரும். 'இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம்' என்று தோட்டம் எழுதிக்கொடுத்த அந்தக் கடதாசியும் ஆளிடம் எதையும் கேட்டதில்லை.)

கொடிய குற்றவாளி சைமன் பீனிக்ஸ், கைதிகளை உறையவைத்துக் கிடத்தும் உறைபனிச் சிறையிலிருந்து தப்பியதும் எல்லாம் குலைகிறது. அவனை எப்படிக் கைதுசெய்வது என்று பொலிஸார் கையிலுள்ள கருவியிடம் கேட்கிறார்கள். இன்னும் உறுதியான குரலில் சொல்லி, 'இல்லாவிட்டால்' என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது கருவி. அடிபட்டு விழுகிறார்கள். அவனைத் தயார்செய்து அனுப்பியவரே கொக்டோ. நிலத்தடியில் பசியோடு வாழும் மக்களின் தலைவன் எட்கர் ஃபிரெண்ட்லியைக் கொல்ல, உறைந்து கிடந்தவனின் மூளையில் வன்முறையை ஏற்றினார். தன்னைக் கொல்ல முடியாதபடி தடையும் வைத்தார். ஆனால் பீனிக்ஸ் பக்கத்திலிருந்தவனிடம் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்லிவிடுகிறான். ஏசினால் அபராதம் போடும் நகரத்தில், ஆள்பவர் கொலைக்கு ஆள் தயாரித்தால் தட்டிக்கேட்க ஓர் அமைப்பும் இல்லை. என் பார்வையில் அந்தச் சொர்க்கத்தின் பொய் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: உயர்தர மாணவர்களின் விவாதத்துக்கு இந்தப் படம் பொருந்துமா?
– ஆசிரியை, நுவரெலியா

பதில்: முழுப்படம் வேண்டாம், வன்முறை அதிகம். அபராதப் பெட்டி, கைதுக் காட்சி, நிலத்தடி மக்கள் என மூன்று துண்டுகள் போதும். ஒவ்வொன்றின் முடிவிலும் நிறுத்தி, 'சட்டப்படி சரியா? நியாயப்படி சரியா?' என்று இரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தையும் அதே இரு பத்திக்குள் போடச் சொல்லுங்கள். இலங்கைப் பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறிய சட்டம்தான் அது. அதனால் நம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள், மறுவருடம் வாக்குரிமையும் போனது. 2003இல் இன்னொரு சட்டம் வந்துதான் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. பிள்ளைகளின் வீட்டிலேயே இதற்குச் சாட்சி சொல்லப் பாட்டிமார் இருப்பார்கள், கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: படத்தில் உங்களுக்குக் குறையாகப் படுவது?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பணயக்கைதிகள் இறக்கக் காரணமானார் என்று 1996இல் ஸ்பார்டனுக்கு 70 வருட உறைபனிச் சிறைத் தண்டனை. அவர்கள் முன்பே செத்துவிட்டார்கள் என்று பீனிக்ஸே பிறகு சொல்கிறான். 36 வருடம் பனிக்குள் போனது. அந்த வழக்கை மறுபடி விசாரிக்கும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை.