‘ஒத்துக்கிட்டா விட்டுருவோம்’ என்கிறார்கள், என்ன செய்ய?

வேலை இடத்தில் திருட்டுப் பழி பற்றி ஏழு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. கடை, ஸ்டோர், கொழும்பு வீட்டு வேலை என்று இடம்தான் மாறுகிறது. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, அடையாளம் தெரியக்கூடிய இடங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாலு வருசமா கெஷியரா இருக்கேன். அம்மாவுக்கு ஒப்பரேஷன். ஸ்கேன் வெளியில எடுக்கச் சொன்னாங்க. லாச்சியில இருந்து மூணு தடவையா 18,000 ரூபா எடுத்தேன். சம்பளத்துல வச்சிரலாம்னு நினைச்சேன், முடியல. இப்ப முதலாளி 64,000 குறையுதுங்கிறாரு. “எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதிக் கொடு, பொலிசுக்குப் போகமாட்டேன், மாசாமாசம் சம்பளத்துல வெட்டிக்கிறேன்”னு சொல்லி, நாளைக்கு வரைக்கும் தவணை தந்திருக்காரு. எடுக்கவே இல்லைன்னு சாதிக்கவும் மனசு வரல.

பதில்: தம்பி, நாளைக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். எடுக்கவே இல்லை என்றும் எழுதாதீர்கள். “ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டு வருகிறேன் ஐயா” என்று மட்டும் சொல்லுங்கள். பேசாமல் இருப்பது பொய் சொல்வதாகாது.

முதலில் அந்த 64,000ஐப் பார்ப்போம். உங்கள் கணக்கில் 18,000. மிச்சம் 46,000 எங்கே போனது? அந்த லாச்சியை உங்களைத் தவிர யார் யார் திறப்பார்கள்? நீங்கள் பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது முதலாளியின் மச்சானோ மகனோ உட்காருவார்களா? கடனுக்குக் கொடுத்த சீமெந்து மூட்டை பில்லில் ஏறி, காசு இன்னும் வராமல் கிடக்கிறதா? திரும்பி வந்த பைப்புக்கும் பெயின்ட் டின்னுக்கும் கையில் காசைக் கொடுத்துவிட்டுப் பில்லை வெட்டாமல் விட்ட நாட்கள் உண்டா? இப்படி ஒரு கடையின் புத்தகத்தை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குறைந்த தொகையில் பாதிக்கு மேல் முதலாளியே வீட்டுச் செலவுக்கு எடுத்து, எழுத மறந்தது. “எல்லாத்தையும் ஒத்துக்கோ” என்பதில் ‘எல்லாம்’ என்ற சொல்தான் ஆபத்து. யாரோ எடுத்ததும் யாரோ மறந்ததும் சேர்ந்து உங்கள் தலையில் ஏறும்.

அடுத்தது, நீங்கள் எழுதும் அந்த ஒரு தாள் மூன்று இடத்துக்குப் போகும். ஒவ்வோர் இடத்திலும் அதற்கு வேறு வேறு மதிப்பு.

நீதவான் நீதிமன்றத்தில் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கும். அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி தந்தோ வாங்கிய குற்ற ஒப்புதலைக் குற்ற வழக்கில் ஏற்கக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. முதலாளியும் அப்படி ஓர் அதிகாரத்தில் இருப்பவர் என்று வாதாடலாம். “பொலிசுக்குப் போகமாட்டேன்” என்பது வாக்குறுதி இல்லாமல் வேறென்ன? ஆனால் அவர் அப்படிச் சொன்னதை நீங்கள்தான் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட வேண்டும். அதனால் அவர் சொன்ன சொற்களை, நேரத்தையும் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் சேர்த்து இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வேலை போய் தொழில் நியாய சபைக்குப் போனால் கதை வேறு. அந்தச் சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. நீதவான் ஒதுக்கிவிடக்கூடிய அதே தாளை அங்கே வாசிப்பார்கள். மூன்றாவது இடம் முதலாளியின் அலுமாரி. அடுத்த வருடம் சம்பள உயர்வு கேட்டாலும் லீவு கேட்டாலும் தாள் வெளியே வரும். “எழுதிக் கொடுத்தா பொலிசுக்குப் போகமாட்டேன்” என்ற வாய்ப்பேச்சு அவரைக் கட்டிப்போடாது. தாளை வாங்கிய கையோடு அவர் ஸ்டேஷனுக்கு நடக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு 3 வருடம் வரை சிறை. வேலையாள் முதலாளியின் சொத்தை எடுத்தால் 7 வருடம் வரை என்கிறது தண்டனைச் சட்டக்கோவை. முதல் தவறு, பணத்தைத் திருப்பியாகிவிட்டது என்பதை நீதவான் கவனிப்பார். ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு முடிந்த வழக்குகள் உண்டு. அதை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

எடுத்ததை மறைத்தே வாழ வேண்டும் என்று சொல்லவில்லை. நகையை அடகு வைத்தோ சீட்டை முன்கூட்டி எடுத்தோ 18,000 ரூபாயைப் புரட்டுங்கள். சட்டத்தரணி மூலமாக, ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். எந்தத் திகதிகளில் எவ்வளவு, இதைத் தவிர வேறில்லை என்பதைச் சொல்வதா, எந்தச் சொல்லில் சொல்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வசதி இல்லாதவர்களுக்காகவே அமைத்தது. வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் மட்டும் உயிரே போனாலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வேலை? அது அநேகமாகப் போகும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: மகளுக்கு 19 வயசு. கொழும்புல ஒரு வீட்டுல வேலை. நோனாவோட சங்கிலியைக் காணோம்னு நேத்துப் பொழுதுபட பொலிசுல கொண்டு போயிருக்காங்க. ஒத்துக்கிட்டா விட்டுருவோம்னு சொல்றாங்களாம். நாங்க மஸ்கெலியாவுல இருக்கோம். அவ எடுக்கல ஐயா. (ஒரு தாய்)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்துக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றத் தாய்மாருக்காக இங்கேயும் போடுகிறேன்.

முதலில் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். கைது செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடியாணை இல்லாமல் பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வழிப்பயண நேரம் அதில் சேராது. சட்டத்தரணி ஸ்டேஷனுக்கே போய் அவளுக்காகப் பேசலாம். அடித்தாலோ, பார்க்க விடாவிட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள்.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒத்துக்கொண்டாலும், நீதவானின் நேர் முன்னிலையில் சொல்லாதவரை அதுவும் எடுபடாது. அப்படியிருந்தும் ‘ஒத்துக்கோ’ என்று ஏன் நெருக்குகிறார்கள்? 27ஆம் பிரிவுதான் காரணம். “இன்ன இடத்தில் வைத்தேன்” என்று அவள் சொல்லி, அங்கே பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய பேச்சு மட்டும் உள்ளே வந்துவிடும். பயத்தில் வாய்க்கு வந்த ஓர் அடகுக் கடையின் பெயரைச் சொல்லிவைக்கும் பிள்ளைகள் உண்டு. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று மொழி. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். அவளுக்கு அது விளங்காவிட்டால், விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். “தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் வைக்கிறேன்.” இந்த ஒரு வாக்கியத்தை, கொழும்புக்கு வேலைக்கு அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பஸ் ஏற்றும் முன் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: தோட்டத்து ஸ்டோரில் சிப்டிங் (தூள் சலிக்கும்) பக்கம் வேலை. கேட்டில் வாச்சர் என்னுடைய பேக்கைத் திறந்தபோது இரண்டு கிலோ தேயிலைத் தூள் இருந்தது. நான் வைக்கவில்லை. பேக் நாள் முழுக்க ஆணியில் தொங்கியது. இப்போது வேலையை நிறுத்திவைத்து இங்கிலீஷில் ஒரு கடிதம் தந்திருக்கிறார்கள். “நீயா விலகுறதா எழுதிக் கொடுத்தா பேர் கெடாது” என்கிறார் கிளாக்கர் ஐயா.

பதில்: விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். கொடுத்த நிமிடமே, உங்களை நிறுத்தினார்கள் என்ற கதை போய், நீங்களாகப் போனீர்கள் என்றாகிவிடும். பிறகு நியாய சபையில், ‘அவர்கள் கட்டாயப்படுத்தித்தான் எழுதினேன்’ என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில்.

வந்த கடிதம் விளக்கம் கேட்கும் கடிதம். அதில் ஒரு திகதி இருக்கும். அதற்குள் பதில் போக வேண்டும். நாலே வரி போதும்: நான் எடுக்கவில்லை, பேக் இந்த இடத்தில் தொங்கியது, அந்தப் பக்கம் இத்தனை பேர் நடமாடுவார்கள், கடிதத்தின் தமிழ்ப் பிரதியையும் வாச்சரின் அறிக்கையையும் தாருங்கள். பதிலின் ஒரு பிரதியில் ஆபிஸில் திகதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத்துத் தலைவரிடம் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். உள்ளக விசாரணைக்கு அவர் உங்களோடு வந்து உட்கார வேண்டும். சந்தாவை அதற்குத்தானே பிடிக்கிறார்கள்.

விசாரணையில் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தூள் எந்தக் கிரேட்? அன்றைக்கு அந்தக் கிரேட் சலித்தது எந்தப் பக்கம்? இரண்டு கிலோ என்று எந்தத் தராசில், யார் முன்னால் நிறுத்தார்கள்? கேட்டில் எல்லோருடைய பேக்கையும் பார்த்தார்களா, உங்களுடையதை மட்டுமா? உங்களுடையதை மட்டும் என்றால் யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். யார் என்று கேளுங்கள்.

வேலையை நீக்கினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போட வேண்டும். ‘பெரிய துரை மாறட்டும், திருவிழா முடியட்டும்’ என்று இருந்து ஏழாவது மாதம் வந்தவர்களை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றை மனதில் வையுங்கள். நியாய சபையில், குற்ற வழக்குப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர்கள் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்று பார்ப்பார்கள். 1970களிலேயே தீர்ந்த விஷயம் இது. அதனால் ‘பொலிஸ் கேஸ் தள்ளுபடியாச்சு, வேலை தானா வரும்’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கடையில் போன் ஒன்று காணாமல் போச்சு. எல்லாரும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணணுமாம். ஒரு அண்ணன் அஞ்சனமும் (மை போட்டுக் கள்ளனைப் பார்க்கிறது) பார்த்துட்டு வந்து என் பக்கமா கையைக் காட்டுறாரு.

பதில்: அஞ்சனத்தில் தெரிந்த முகத்துக்கு நீதிமன்றத்தில் நாற்காலி கிடையாது. ஊரார் முன்னால் தொடர்ந்து கையைக் காட்டினால் ஒரு சட்டத்தரணியின் கடிதம் போதும், கை இறங்கும்.

சத்தியம் உங்கள் விருப்பம். மனம் துணிந்தால் செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மறுத்தவர் கள்ளன் என்பது கணக்கில்லை. வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கும்போது கற்பூரம் அணைக்கக் கூடாது என்று பின்வாங்கிய ஒருவரை மூன்று மாதம் கள்ளனாகவே பார்த்தது ஒரு கடை. போன் கடைசியில் ஸ்டோர் ரூம் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது.

கேள்வி: 22 வருசம் வேலை. திருட்டுன்னு நிப்பாட்டிட்டாங்க. ஈபிஎஃப், சேவைக்காலப் பணம் எதுவுமே கிடையாதுங்கிறாங்க. காணாமல் போனது 35,000 ரூபா பெறுமதி.

பதில்: ஊழியர் சேமலாப நிதியில் (ஈபிஎஃப்) யாரும் கை வைக்க முடியாது. உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் உங்களுடையது. ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதமும் அப்படியே. சேவைக்காலப் பணத்தில்தான் ஒரு முடிச்சு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மோசடி, பணக் கையாடல், பொருள் இழப்பு போன்ற காரணங்களுக்காக நீக்கியவரின் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான். 35,000 போனதென்று 22 வருடத்தை விழுங்க முடியாது. தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

கேள்வி: நாங்க கால் கிலோ தூள் எடுத்தா கள்ளி. கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்குன்னு தினமும் ரெண்டு மூணு கிலோ வெட்டுறாங்களே, அதுக்குப் பேர் என்ன? (பொகவந்தலாவ)

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. அதற்கு ஆபிஸில் ‘கழிவு’ என்று பெயர். சாக்கின் நிறையைக் கழிப்பதில் பிழையில்லை. வெயில் காய்கிற பெப்ரவரியிலும் தண்ணீருக்கு வெட்டினால் அது கூலியில் கை வைப்பது. உங்கள் மலையில் பத்துப் பேர் ஒரு மாதத்துக்குத் தனித்தனியாகக் கொப்பி போடுங்கள்: நிறுத்தது, உங்கள் பேரில் பதிந்தது, வித்தியாசம், அன்றைக்கு மழையா வெயிலா. ஒருவர் கொப்பியைத் தூக்கி எறிந்துவிடலாம், பத்தை எறிய முடியாது. தராசு முத்திரை இல்லாதது என்றால் அளவீட்டு அலகுகள் திணைக்களத்துக்கும் எழுதலாம்.

உங்கள் கால் கிலோவை அது நியாயமாக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 11 வருடங்களுக்கு முன்பு நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மருந்து டின்களை வெளியில் விற்றேன். பழி என் உதவியாளர் மேல் விழுந்து அவர் வேலை போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எனக்கு ஓய்வு. அவர் நுவரெலியா மார்க்கெட்டில் கரட் மூட்டை தூக்குகிறார். போன வாரம் என்னைப் பார்த்து ‘ஐயா சுகமா’ என்று கேட்டார். இப்போது சொல்வதா?

பதில்: சட்டப்படி உங்கள் மேல் இன்னும் வழக்குப் போடலாம். இப்படியான குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 வருடம் வரை இடமுண்டு. தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

முதலாளி வீட்டுக்குப் போய் ஒத்துக்கொள்வதை விட அந்த உதவியாளரிடம் போவது முக்கியம் என்பது என் அபிப்பிராயம். டின் போனவர்கள் அதை எப்போதோ கணக்கில் கழித்திருப்பார்கள். அவருடைய 6 மாதத் தவணை முடிந்து பத்து வருடத்துக்கு மேல். நியாய சபைக் கதவை அவருக்கு இனி யாராலும் திறந்துகொடுக்க முடியாது. அவர் எத்தனை வருடம் வேலை செய்திருந்தார், சேவைக்காலப் பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, இதையெல்லாம் அவரிடம் கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டுமென்றால் முதலில் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு தடவை சட்டத்தரணியிடம் போங்கள். உதவியாளர் திருடவில்லை என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கொடுப்பதா, அது உங்களை எதில் மாட்டும் என்பதைச் சட்டத்தரணி சொல்வார். பிறகு மார்க்கெட்டுக்குப் போங்கள். காலையில் லொறி ஏற்றும் நேரத்தில் போகாதீர்கள், கூட இருப்பவர்கள் முன்னால் உதவியாளர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. பின்நேரம், வேலை முடிந்து அவர் கை கழுவி வரும்வரை நில்லுங்கள். காசு உறையை முதலில் நீட்டாதீர்கள்.