கிட்டார் மேசை: வாசகர் கேள்விகள்

லேப்டாப்பில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பதிவு செய்யப் பழகுகிறேன். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கிவிட்டேன். ஆனால் கம்பியைத் தட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் ஹெட்போனில் கேட்கிறது, தாளம் நழுவுகிறது. மென்பொருளை மாற்றலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

மாற்றாதீர்கள். எதற்கு மாறினாலும் இந்தத் தாமதம் பின்னாலேயே வரும்.

பாபநாசம் போகிற மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை நிறையாமல் கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார். கணினியும் அதே சாதிதான். நொடிக்கு 44,100 துணுக்குகளாக ஒலியை நறுக்கி, ஒரு கணக்குச் சேர்ந்த பிறகே அடுத்த இடத்துக்கு அனுப்பும். அந்தக் கணக்குக்குப் பெயர் பஃபர் சைஸ். 1024 என்று இருந்தால் வண்டி நிறையவே 23 மில்லிவிநாடி ஆகும். உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை. 128 என்று வையுங்கள், 3 மில்லிவிநாடிக்குள் கிளம்பிவிடும். சோளம் பொரிவதுபோலப் படபடவென்று கேட்டால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள், 256க்கு ஏற்றுங்கள். வாசித்து முடித்து, தடங்களைக் கலவை (மிக்ஸிங்) செய்ய உட்காரும்போது 1024 இருந்தால் நட்டமில்லை.

விண்டோஸ் என்றால், இன்டர்ஃபேஸுக்கென்று அதன் நிறுவனமே தருகிற ஆசியோ (ASIO) டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை நிறுவி, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். பெட்டியில் 'இன்ஸ்ட்' என்ற பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் கிட்டார் சளி பிடித்ததுபோல மங்கிக் கேட்கும்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?
– வாசகி, வள்ளியூர்

ஒன்றிரண்டு தடங்கள் போதுமென்றால் ஆடாசிட்டி, காசு கிடையாது. அடுக்கடுக்காகச் சேர்க்க ஆசையிருந்தால் ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் உழையுங்கள்.

பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கிட்டார் பழுதா?
– வாசகர், மேலப்பாளையம்

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால், கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியோடு மெல்லத் திரும்புங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் கொண்ட 'சிங்கிள் காயில்' வகை என்றால், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். அந்தத் திசையைப் பார்த்தே உட்கார்ந்து வாசியுங்கள்.

அகூஸ்டிக் கிட்டாரின் துளைக்கு நேராக மைக் வைத்தேன். பானைக்குள் பேசுவதுபோல் கேட்கிறது.
– வாசகர், சுரண்டை

பானையின் வாயிலேயே மைக்கை வைத்துவிட்டு வேறெப்படிக் கேட்க வேண்டும் என்கிறீர்கள்? துளையிலிருந்துதான் அடிக்குரல் கொட்டுகிறது. கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு, ஏறக்குறைய 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எதிரே, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் மைக்கை நிறுத்துங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு விரற்கடை அங்கே இங்கே நகர்த்துங்கள். குணம் மாறுவது காதுக்கே தெரியும். மென்பொருளின் அமைப்பில் ஒலியின் நுணுக்கத்தை 24 பிட் என்று வைத்துப் பதியுங்கள். ஓங்கி அடிக்கும் இடத்திலும் மென்பொருளின் அளவுமானி மைனஸ் 10 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். சிவப்பைத் தொட்டுக் கிழிந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகத் தைத்துத் தராது.

அடுத்து, அறை. நம் ஊர்க் கான்கிரீட் அறையில் கை தட்டினாலே எதிரொலிக்கும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டவன் நான். அழகாக இருந்தது; எதிரொலி இம்மியும் குறையவில்லை. பாய் மெல்லியது, ஒலியை விழுங்காது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டாமல் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்த அன்றுதான் விடிவு பிறந்தது.

ஆடி மாதமென்றால் பொதிகைப் பக்கமிருந்து வருகிற காற்று சன்னலை உலுக்கும். அதனால் காற்று அடங்கும் நேரம் பார்த்து, விடியற்காலை 4 மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது என் வழக்கம். அப்படி ஒருநாள் ஒன்பதாவது முயற்சியில் பிசிறில்லாமல் வாசித்து, கடைசிக் கம்பி அதிர்ந்து ஓயும் நேரத்தில், உத்தரத்திலிருந்து பல்லி 'ச்சிக் ச்சிக்' என்றது. வெட்டி எறியத்தான் நினைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "நல்ல சகுனம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். இன்றும் அந்தப் பதிவின் முடிவில் பல்லி இருக்கிறது.