78 வயதில் மீண்டும் கொலனோஸ்கோபி தேவையா?

சென்னையில் வசிக்கும் 78 வயதுத் தந்தைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பெருங்குடலில் இரண்டு பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டிகள்) அகற்றப்பட்டன. மறுபடியும் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) அவசியமா, மலப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பழைய பயாப்சி ரிப்போர்ட்டை, அதாவது அகற்றிய பாலிப்களின் திசு ஆய்வு அறிக்கையை, தேடி எடுங்கள். விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக் குழு 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 10 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒன்றிரண்டு சாதாரண அடினோமாக்கள் (நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) முழுமையாக அகற்றப்பட்டிருந்தால் அடுத்த பரிசோதனை 7 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் போதும். ஐந்துக்குக் குறையாமல் இருந்தாலோ, ஒன்றேனும் 10 மில்லிமீட்டரை எட்டியிருந்தாலோ, திசுவில் தீவிர மாற்றம் தெரிந்திருந்தாலோ 3 ஆண்டுகளுக்குள் பார்த்திருக்க வேண்டும். பிரிட்டன் வழிகாட்டுதலோ, ஏறத்தாழ 75 வயதைக் கடந்தவர்களுக்கு இக்கண்காணிப்பைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. எனவே சிறு பாலிப்கள்தான் எனில், என் பார்வையில், இப்போது அவசரமில்லை.

மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை எளிதுதான். ஆனால் பாலிப்கள் பல இரத்தம் கசியாமலே வளர்வதால், அதைக் கொலனோஸ்கோபிக்கு நிகராகக் கொள்ள முடியாது. சி.டி. ஸ்கேன் மூலம் பெருங்குடலைப் படமெடுக்கும் சி.டி. கொலனோகிராஃபி பெரிய பாலிப்களைக் காட்டும். எனினும் அதற்கும் வழக்கமாகக் குடலைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஏதேனும் தென்பட்டால் கொலனோஸ்கோபியும் தேவைப்படும்.

முதியவர்களுக்குப் பரிசோதனையைவிட அதற்கு முந்தைய பேதி மருந்தே சில சமயம் பெரும்பாடு. (கத்திரி வெயிலில் நாள் குறிக்காதிருப்பது நல்லது.) நீரிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கு வாய்ப்புண்டு, சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதைக் குடல்நோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற இரத்தசோகை, எடைக் குறைவு ஆகியவை இருந்தால் மேற்சொன்ன கால இடைவெளிகள் பொருந்தா. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.