தகயாமாவில் இரண்டு இரவு

கேள்வி: நானும் என் கணவரும் டோக்கியோ செல்கிறோம். ஏப்ரல் 14-ஐ ஒட்டி, தகயாமா மலையூரில் ரியோகான் என்ற பாரம்பரிய ஜப்பானிய விடுதியில் இரண்டு இரவு தங்க ஆசை. இருவரும் சைவம். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 14, 15 அங்கே வசந்தத் திருவிழா. பன்னிரண்டு அலங்காரத் தேர்கள் தெருவுக்கு வரும். அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். மழை பெய்தால் தேர்கள் கொட்டகையை விட்டு வெளியே வராது. அறை கிடைக்கவில்லையென்றால் 18-க்குப் பிறகு போங்கள். செர்ரிப் பூக்களைப் பெரும்பாலும் அப்போதும் பார்க்கலாம். இரவில் நல்ல குளிர், கம்பளிச் சட்டை அவசியம்.

அடுத்தது சாப்பாடு. பயணம் கெடுவது பெரும்பாலும் இதில்தான். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சி வராது, மீன் வரும். கண்ணுக்கு மீனே தெரியாத மிசோ சூப்பிலும் வேகவைத்த காயிலும்கூட தாஷி சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பது. முன்பதிவின்போதே, 'இறைச்சி, மீன், மீன் தாஷி வேண்டாம்; கொம்பு (kombu) என்ற கடற்பாசி, ஷீத்தாக்கே காளான் தாஷி போதும்' என்று எழுதுங்கள். முட்டை, பால் பற்றியும் சொல்லிவிடுங்கள். 'முடியும்' என்று பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். போய் இறங்கியபின் சொன்னால் சமையலறையால் எதையும் மாற்ற முடியாது.

ரியோகானில் கட்டணம் பொதுவாக அறைக்கு அல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். இருவருக்கும் செலவு கூடும், ஆகவே ஓரிரவு ரியோகான், மறு இரவு சாதாரண ஓட்டல் என்பதே என் யோசனை. இரவு உணவு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். ஐந்துக்குள் போய்ச் சேருங்கள். குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.

ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஆண், பெண் தனித்தனி. சேர்ந்து குளிக்க 'காஷிகிரி' என்ற தனிக் குளியலறை உள்ள விடுதியாகத் தேடி, போனதும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இறங்குமுன் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்; நீச்சலுடை கூடாது. விடுதி தரும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 40 நிமிடம். அங்கிருந்து ஹிடா விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். நகோயாவில் ஏறும்போது இருக்கைகள் பின்னோக்கி இருக்கும், திருப்ப வேண்டாம். வழியில் கிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறும், பிறகு இருக்கைகள் முன்னோக்கி ஆகிவிடும். ஏழு நாள் ரயில் பாஸ் வாங்காதீர்கள், இந்தப் பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

காலைச் சந்தைக்கு ஏழரைக்கே போய்விடுங்கள், நண்பகலில் முடிந்துவிடும். சன்மாச்சி பழந்தெருக் கடைகளும் மாலை ஐந்துக்குள் அடைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் வந்த வழியே திரும்பாதீர்கள். பஸ்ஸில் ஐம்பது நிமிடத்தில் ஷிரகவாகோ கிராமம். அங்குள்ள செங்குத்தான புல் கூரை வீடுகளைப் பார்த்துவிட்டு வேறு பஸ்ஸில் கனசாவா, அங்கிருந்து ஷின்கான்செனில் டோக்கியோ. கனசாவா பஸ்ஸுக்கு முன்பதிவு அவசியம். பெரிய பெட்டியை டோக்கியோ ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கொரு முதுகுப் பையோடு கிளம்புங்கள்.