108 தாமதமா? சராசரியை விடுங்கள், நேரப் பதிவைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில்தான் 108 வண்டி நிற்கும். ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகிறது. புகார் சொன்னால், "மாவட்டச் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று ஆராய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

பதில்: அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பது அழைப்புகளுக்கு 10 நிமிடத்தில் போன வண்டி, பத்தாவது அழைப்புக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் சராசரி 15 நிமிடம்தான் வரும். அந்தப் பத்தாவது வீடு உங்கள் ஊரில் இருக்கிறது. ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். நூறில் தொண்ணூறு அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். அதையும் ஒன்றியவாரியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் டவுன் வண்டிகளின் வேகத்தில் உங்கள் தாமதம் மறைந்துபோகும்.

முதலில் யாரைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு அரசு பணம் தருகிறது, ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. அழைப்பு போவது சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு. வண்டி வாசலில் நிற்கிறதே தவிர, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லி அது கிளம்பாது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

ஒவ்வொரு அழைப்புக்கும் நேரங்கள் பதிவாகின்றன: அழைப்பு வந்தது, வண்டி ஒதுக்கியது, வண்டி கிளம்பியது, இடத்தை அடைந்தது, மருத்துவமனை சேர்ந்தது, அடுத்த அழைப்புக்குத் தயாரானது. உங்கள் ஆய்வே இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. அழைப்புக்கும் ஒதுக்கலுக்கும் நடுவே நேரம் போனால், பக்கத்தில் வண்டி காலியாக இல்லை, அல்லது இடம் புரியவில்லை. கிளம்பிய பிறகு போனால் தூரம், சாலை.

என் ஊகம், சிக்கல் கடைசி இடைவெளியில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ தாலுகா மருத்துவமனையிலிருந்தோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு 'ரெஃபர்' செய்யும் நோயாளிகளையும் பெரும்பாலும் இதே வண்டிதான் ஏற்றிப் போகிறது. போய், நோயாளியை ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரம் முழுக்க உங்கள் ஒன்றியத்துக்கு வண்டி கிடையாது, கணக்கில் மட்டும் ஒன்று இருக்கும். ஒரு லட்சம் பேருக்கு ஓர் அடிப்படை உயிர்காப்பு வண்டி, ஐந்து லட்சம் பேருக்கு ஓர் உயர்நிலை உயிர்காப்பு வண்டி என்ற தேசிய அளவுகோலைக் காட்டி 'போதுமான வண்டி இருக்கிறது' என்பார்கள். அது தலைக்கணக்கு, தூரக்கணக்கு அல்ல.

எனவே இரண்டு விஷயங்களைத் தனியாகக் கேளுங்கள். மொத்த ஓட்டத்தில் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றியவை எத்தனை? ஆள் இல்லாமலோ பழுதாகியோ வண்டி ஓடாத நாட்கள் எத்தனை? பைலட்டும் (வண்டி ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) மருத்துவ உதவியாளரும் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். ஒருவர் வராவிட்டால் என்ன ஏற்பாடு என்பதும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தாமதத்துக்கு அந்த இருவரைத் திட்டுவது நியாயமில்லை.

சீக்கிரம் வந்தால் மட்டும் போதாது, சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கவாத நோயாளியை சி.டி. ஸ்கேன் இல்லாத மருத்துவமனையில் இறக்கி, அங்கிருந்து மறுபடி வேறு வண்டியில் அனுப்பினால் மிச்சப்படுத்திய நிமிடங்களெல்லாம் வீண். முதலில் சேர்த்த மருத்துவமனையிலிருந்து சில மணி நேரத்திலேயே வேறிடம் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, திட்டத்தை மேற்பார்க்கும் சுகாதாரத் துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தனியார் நிறுவனத்தின் தகவல் என்று தட்டிக்கழித்தால், வேறு சட்டப்படி அரசு பெறக்கூடிய தனியார் தகவலும் இச்சட்டத்தில் அடங்கும் என்று பிரிவு 2(எஃப்) சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். 'ஏன் தாமதம்?' என்று எழுதாதீர்கள், விளக்கம் தர அவர்களுக்குக் கடமையில்லை. நோயாளி பெயர், முகவரி வேண்டாம், ஓராண்டு நேரப் பதிவு மட்டும் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் வருகிற வரை உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 'புதூர்' என்று சொன்னால் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் புதூர் என்று எடுத்துக்கொள்வார்? ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்றியம், ஊராட்சி, பக்கத்து அடையாளம் சேர்த்து எப்படி வழி சொல்வது என்று எழுதி ரேஷன் கடையில் ஒட்டுங்கள்.

தரவு கிடைத்ததும் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். 'கூடுதல் வண்டி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் நிதியில்லை என்று முடித்துவிடுவார்கள். ரெஃபர் ஓட்டத்துக்குத் தனி வண்டி, அல்லது உங்கள் வண்டி வெளியே போகும்போது பக்கத்து ஒன்றிய வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது என்று கேளுங்கள். இரண்டாவதற்குப் பெரிய செலவே இல்லை.